ரேஞ்ச் மாறினால் 0.3 வோல்ட் இறங்குகிறது: ஏடிஎஸ்1115 ஆட்டோ ரேஞ்ச், உதவி தேவை

ரப்பர்காடு, குலசேகரம்:
தோட்டத்து ஷெட்டில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியும் ஒரு சோலார் பேனலும் இருக்கின்றன. பால்வெட்டுக்குப் போகிறவர்கள் தலைவிளக்கை அங்கேதான் சார்ஜ் போடுவார்கள். வோல்டேஜ் பார்க்க ஆர்டுயினோ, ஏடிஎஸ்1115 (வோல்டேஜை எண்ணாக மாற்றும் சிப்), அதற்கு முன்னால் வோல்டேஜைப் பிரித்துக் குறைக்க 1 மெகாஓம்–47 கிலோஓம் டிவைடர். எல்லாம் 1 சதவீத ரெசிஸ்டர். ஆனாலும் ரீடிங் 3 சதவீதம் குறைந்ததால், கோடில் ஒரு எண்ணால் பெருக்கி மல்டிமீட்டரோடு சேர்த்துவிட்டேன்.

ஆட்டோ ரேஞ்ச் வைத்திருக்கிறேன்: சிப்பின் இன்புட் பின்னில் (pin) 0.5 வோல்ட்டுக்குக் கீழே போனால், அளக்கும் ரேஞ்ச் ±1.024 வோல்ட்டிலிருந்து ±0.512-க்குத் தானாக மாறும். மழைக்காலத்தில் பேட்டரி அந்த எல்லையில்தான் கிடக்கும். மாறிய உடனே 11.5 என்பது 11.2 ஆகிவிடுகிறது. மல்டிமீட்டர் அசையவில்லை.

தக்கலைக்காரன்:
ஹிஸ்டெரிசிஸ், அதாவது ரேஞ்ச் இறங்கவும் ஏறவும் வேறு வேறு எல்லை, வைத்தீர்களா? இறங்க 0.48, ஏற 0.51 என்று வையுங்கள். ரேஞ்ச் மாற்றியதும் வரும் முதல் ரீடிங்கையும் தள்ளிவிடுங்கள், அது பழைய ரேஞ்சில் எடுத்ததாக இருக்கலாம்.

ரப்பர்காடு:
செய்தேன் அண்ணே. முன்னும் பின்னும் துள்ளவில்லை, ஆனால் இறங்கிய இடத்திலேயே நிற்கிறது.

ஆரல்காற்று:
நிற்கிறது என்றால் கோடை விடுங்க மக்கா. அந்த 3 சதவீதம்தான் துப்பு. இந்தச் சிப்பின் இன்புட் இம்பீடன்ஸ் (இன்புட் காட்டும் மின்தடை) ரேஞ்சுக்கு ரேஞ்ச் மாறும்; அது குறைந்தால் டிவைடரிலிருந்து கூடுதல் மின்னோட்டம் இழுத்து ரீடிங்கை இறக்கும். டேட்டாஷீட்டில் டிஃபரென்ஷியல் மதிப்பு (இரண்டு இன்புட்டுக்கு இடையில் உள்ளது) ±1.024-இல் 2.4 மெகாஓம், ±0.512-இல் வெறும் 710 கிலோஓம். காமன் மோடையும் (இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு உள்ளது) இணையாகச் சேர்த்தால் முதலாவது 1.3 மெகாஓம் அளவுக்கு வரும். உங்கள் டிவைடர் இன்புட் பின்னுக்கு 45 கிலோஓம் தடை உள்ள சோர்ஸாகத் தெரிகிறது. கணக்குப் போட்டால் ஒன்றில் 3 சதவீதம், மற்றதில் 6 சதவீதம் விழும். வித்தியாசம்தான் உங்கள் 0.3 வோல்ட்.

10 கிலோஓம்–470 ஓம் போட்டுப் பாருங்கள், விகிதம் அதேதான். பேட்டரியிலிருந்து 1.1 மில்லிஆம்ப் போகும், போகட்டும். பழைய பெருக்கல் எண்ணை எடுத்துவிடுங்கள்.

ரப்பர்காடு:
டிவைடரை மாற்றாமல் நடுவில் எல்எம்358 ஆப்-ஆம்ப் சிப்பை பஃபராக (டிவைடர் மேல் சுமை விழாமல் தடுக்க) வைத்தால்? கையில் இருக்கிறது.

ஆரல்காற்று:
வேண்டாம். அதன் ஆஃப்செட் (தானாகச் சேர்க்கும் சிறு பிழை) 2 மில்லிவோல்ட் இருந்தாலே, டிவைடர் விகிதத்தால் 22 மடங்காகி பேட்டரிக் கணக்கில் 45 மில்லிவோல்ட் பிழை வரும். உண்மையைச் சொன்னால் பேட்டரி மட்டும்தான் என்றால் ஆட்டோ ரேஞ்சே வேண்டாம். ±1.024-இலேயே சிப் பிரித்துக் காட்டும் ஒரு படி, பேட்டரிக் கணக்கில் 0.7 மில்லிவோல்ட்தானே?

ரப்பர்காடு:
10 கிலோஓம் போட்டாச்சு. ரேஞ்ச் மாறும்போது இப்போது 4 மில்லிவோல்ட்தான் அசைகிறது. அந்தியில் பேனல் எவ்வளவு இறங்குகிறது என்றும் பார்க்க ஆசை, அதனால் ஆட்டோ ரேஞ்ச் இருக்கட்டும்.