மடிக்கணினியில் வழிகாட்டி மென்பொருள்: வண்டியில் பயன்படுத்த எது ஏற்றது?

நீள்வழி:
வணக்கம். நானும் என் மனைவியும் அடிக்கடி வேனில் நெடுந்தூரம் செல்பவர்கள். வண்டியை நான் ஓட்டுவேன். பக்கத்தில் அமர்ந்து வழி சொல்வது அவர். கைப்பேசித் திரையில் அடுத்த திருப்பம் தெரிகிறதே தவிர, சுற்றியுள்ள பகுதி முழுவதையும் ஒருசேரப் பார்க்க முடியவில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. எனவே, வீட்டில் சும்மா கிடக்கும் விண்டோஸ் மடிக்கணினி ஒன்றை இதற்கு ஒதுக்கலாம் என்று எண்ணுகிறோம். நாங்கள் போகும் பாதைகளில் பெரும்பாலும் இணைய இணைப்பு இருக்காது. முன்பு குறுந்தகட்டில் கிடைத்த மென்பொருள்கள் எதுவும் இப்போது விற்பனையில் இருப்பதாகத் தெரியவில்லை. இன்றைய நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது? பழைய யூஎஸ்பி ஜிபிஎஸ் கருவி ஒன்றும் எங்களிடம் இருக்கிறது.

திசைமானி:
மென்பொருளைப் பற்றி யோசிப்பதற்கு முன், அந்தக் கருவி கணினியோடு பேசுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலான மடிக்கணினிகளில் ஜிபிஎஸ் சில்லு கிடையாது. அருகிலுள்ள வைஃபை இணைப்புகளை வைத்து அவை இருப்பிடத்தை ஊகிக்கின்றன. ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் அந்த ஊகம் உதவாது.

யூஎஸ்பி கருவிகளில் பெரும்பாலானவை என்எம்இஏ 0183 என்ற நெறிமுறையில், வழக்கமாக நொடிக்கு ஒருமுறை, சில வரிகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். கருவி இணையும் வாயிலுக்கு விண்டோஸ் 'காம் போர்ட்' என்று பெயரும் எண்ணும் தரும். புட்டி போன்ற, வரும் தரவை எழுத்தாகக் காட்டும் ஒரு முனைய நிரலில் அந்தக் காம் போர்ட்டைத் திறந்தால் அவற்றைக் கண்ணால் பார்க்கலாம். 'ஜிபிஆர்எம்சி' அல்லது 'ஜிஎன்ஆர்எம்சி' என்று தொடங்கும் வரியில் நேரத்தை அடுத்து 'ஏ' என்ற எழுத்து இருந்தால் இருப்பிடம் கிடைத்துவிட்டது என்று பொருள். 'வி' இருந்தால் இன்னும் செயற்கைக்கோள்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. புரியாத குறிகளாக வந்தால் நிரலில் தரவு வேகத்தை (நொடிக்கு எத்தனை பிட்டுகள் என்பதை) மாற்றிப் பாருங்கள். பழைய கருவிகள் பெரும்பாலும் 4800-இலும், பிற்காலத்தவை பல 9600-இலும் இயங்கும்.

விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். சோதனை முடிந்ததும் புட்டியை மூடாமல் விட்டுவிட்டு, 'மென்பொருளுக்கு ஜிபிஎஸ் தெரியவில்லை' என்று இங்கே வந்து கேட்பவர்கள் ஏராளம். போர்ட்டையும் வேகத்தையும் நாமே குறிப்பிடும் வசதி அமைப்புகளில் இருக்கும் மென்பொருளையே எடுங்கள். உலாவியில் திறக்கும் கூகுள் மேப்ஸ் இந்த வரிகளை நேரடியாகப் படிக்காது. கணினி உலாவியில் அதன் வரைபடங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளவும் வழியில்லை.

வரைபடப்பித்தன்:
நீங்கள் நினைவுகூரும் அந்தக் காலம் உண்மையிலேயே முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் தன்னுடைய ஸ்ட்ரீட்ஸ் அண்ட் ட்ரிப்ஸ், ஆட்டோரூட், மேப்பாயின்ட் ஆகிய வரைபட மென்பொருள்களை 2014-ஆம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டது. ஸ்ட்ரீட் அட்லஸ் என்ற அதே வகை மென்பொருளை வெளியிட்ட டெலார்ம் நிறுவனத்தை 2016-இல் ஜிபிஎஸ் கருவிகள் செய்யும் கார்மின் வாங்கிவிட்டது. விண்டோஸோடு வந்த மேப்ஸ் செயலியும் 2025-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. பழைய வட்டு கிடைத்தாலும், அதிலுள்ள சாலைகள் அந்த ஆண்டிலேயே நின்றுவிட்டவை. அதற்காகப் பணம் செலவிடாதீர்கள்.

இப்போது எஞ்சியிருப்பவற்றில் இரண்டைச் சொல்வேன். முதலாவது, க்யூமேப்ஷாக். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும் இலவச மென்பொருள். தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவிலிருந்து உருவாக்கி கார்மின் வடிவத்தில் வழங்கப்படும் வரைபடங்களை இறக்கி வைத்துக்கொண்டால் இணையமே தேவையில்லை. ரூட்டினோ என்ற நிரலின் துணையோடு வழியையும் கணினியிலேயே கணக்கிடலாம். ஆனால் அது பயணத்தைத் திட்டமிடுவதற்காக எழுதப்பட்டது. 'அடுத்த சந்திப்பில் இடப்பக்கம் திரும்புங்கள்' என்று குரல் கொடுக்காது.

இரண்டாவது, நாவிட். இது வண்டிக்காகவே எழுதப்பட்ட வழிகாட்டி. குரலும் உண்டு, வரைபடமும் வண்டியோடு நகரும். எனினும் அமைப்புகளில் பலவற்றை எக்ஸ்எம்எல் என்ற வகை எழுத்துக் கோப்பு ஒன்றைக் கையால் திருத்தித்தான் மாற்ற வேண்டும்; லினக்ஸில் நடந்துகொள்ளும் அளவுக்கு விண்டோஸில் அது நல்லபிள்ளையாக நடந்துகொள்வதில்லை. உங்கள் மடிக்கணினி சும்மாதான் கிடக்கிறது என்பதால், லினக்ஸ் நிறுவிப் பார்ப்பதில் இழப்பொன்றும் இல்லை. அங்கே ஜிபிஎஸ்டி என்ற சேவை கருவியைப் பிடித்துக்கொண்டு பல நிரல்களுக்கும் தரவைப் பகிர்ந்தளிக்கும். திசைமானி சொன்ன போர்ட் சிக்கலும் எழாது.

ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் (கைப்பேசிச் செயலிகளைக் கணினியில் இயக்கும் நிரலில்) ஆஸ்மண்ட் போன்ற வழிகாட்டிச் செயலியை ஓட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். யூஎஸ்பி கருவியின் இருப்பிடத்தை எமுலேட்டருக்குள் கொண்டுசேர்ப்பதற்கே பெரும்பாடு படவேண்டும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

என்னைக் கேட்டால், குரலைக் கைப்பேசியிடமே விட்டுவிட்டு, பெரிய வரைபடத்தை மட்டும் மடிக்கணினியில் வைத்துக்கொள்வதே உங்களுக்குப் பொருந்தும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: ஜிபிஎக்ஸ் கோப்பில் (செயலிகளுக்கிடையே பாதைகளைப் பரிமாறும் கோப்பு வகை) வழியைச் சேமிக்கும்போது 'ரூட்', 'டிராக்' என இரு வகைகள் உண்டு. ரூட்டில் இருப்பவை பெரும்பாலும் சில புள்ளிகளே. இடைப்பட்ட பாதையை, கோப்பைத் திறக்கும் செயலி தானே மறுபடி கணக்கிடும், ஆகவே நீங்கள் வேண்டாமென்று ஒதுக்கிய சாலைக்கே அது மீண்டும் அழைத்துச் செல்லக்கூடும். டிராக் என்பது பாதையையே புள்ளிபுள்ளியாக வரைந்த கோடு; எந்தச் செயலியில் திறந்தாலும் மாறாது. இரு திரைகளிலும் ஒரே பாதை தெரிய வேண்டுமானால் டிராக்காகவே சேமியுங்கள்.

பழைய ஓட்டி:
மென்பொருளை அவர்கள் விளக்கிவிட்டார்கள். வண்டியைப் பற்றி நான் சொல்கிறேன். முன்னிருக்கையில் காற்றுப்பை (ஏர்பேக்) இருக்குமானால், தங்கள் மனைவியார் கணினியை மடியில் திறந்து வைத்துக்கொண்டு வரக் கூடாது. மோதலின்போது பை விரியும் வேகத்தில், திறந்த திரை அவர் மீதே பாயும். பை விரியும் இடத்துக்கு வெளியே உறுதியான தாங்கி ஒன்றைப் பொருத்துங்கள். இல்லையேல், வழி சொல்பவர் பின்னிருக்கையில் அமரட்டும். ஓட்டுநரின் கண்ணில் படும்படி பெரிய திரையை வைப்பது சட்டப்படி குற்றமாகும் இடங்களும் உண்டு.

மின்சாரத்துக்கு இன்வெர்ட்டரை நாட வேண்டாம். 12 வோல்ட்டை ஏற்றி மறுபடி இறக்குவதில் வீணாவதுதான் மிச்சம். கணினி யூஎஸ்பி-சி வழியாக மின்னேற்றம் பெறுமானால், 65 வாட் தரும் கார் சார்ஜர் போதும். அது ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும், பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ் கொண்ட சாக்கெட் அதைத் தாங்கும். சும்மா கிடக்கும் கணினி என்கிறீர்கள், பழையதாக இருக்கலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க் குலுக்கலுக்குத் தாக்குப்பிடிக்காது; அது இருந்தால் எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்திவிடுங்கள். பூட்டிய வண்டியில் வெயிலில் விட்டுச் செல்லவும் வேண்டாம்.

நீள்வழி:
அனைவருக்கும் நன்றி. மடியில் வைத்துக்கொள்வதாகத்தான் திட்டமிட்டிருந்தோம், இனி தாங்கிதான். புட்டியில் பார்த்தேன்: 4800-இல் வரிகள் ஒழுங்காக வருகின்றன, 'ஏ' எழுத்தும் இருக்கிறது. ஆனால் தேதி மட்டும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்தங்கியிருக்கிறது. கருவி பழுதாகிவிட்டதா?

திசைமானி:
பழுதில்லை. ஜிபிஎஸ் சமிக்ஞையில் வாரங்களை எண்ணும் எண் 1024 வாரங்களுக்கு ஒருமுறை பூச்சியத்துக்குத் திரும்பும். கடைசியாக அப்படி நிகழ்ந்தது 2019 ஏப்ரலில். அதைக் கணக்கில் கொள்ளாத பழைய கருவிகள் சுமார் 19.6 ஆண்டுகள் பின்தங்கிய தேதியைக் காட்டும். இருப்பிடமும் வேகமும் சரியாகவே இருக்கும். பதிவு செய்யும் டிராக்கில் தேதி தவறாக விழும். கணினிக் கடிகாரத்தை ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்திசைக்கும் வசதி எங்கேனும் இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். மற்றபடி தாராளமாகப் பயன்படுத்தலாம்.