570 சொல்லும் மனப்பாடம், எழுத உட்கார்ந்தால் ஒன்றும் ஒட்டவில்லை

மூன்றாம்வரைவு:

வணக்கம் நண்பர்களே. ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். படிப்பதில் பெரிய சிக்கல் இல்லை, என் துறைக் கட்டுரை எதைக் கொடுத்தாலும் அகராதி இல்லாமல் முக்கால்வாசி புரிந்துவிடும். எழுதும்போதுதான் மாட்டிக்கொள்கிறேன்.

போன வருடம் அகாடெமிக் வேர்ட் லிஸ்ட்டை (கல்வி எழுத்தில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியல்) இறக்கி, 570 சொல்லுக்கும் பக்கத்தில் தமிழ் அர்த்தம் எழுதி, 'ஏ'-யில் தொடங்கி வரிசையாக மனப்பாடம் செய்தேன். நாலு மாதம் ஆனது. இப்போது எந்தச் சொல்லைக் கேட்டாலும் அர்த்தம் சொல்வேன். ஆனால் நெறியாளரிடம் போன அத்தியாயம் முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. இலக்கணப் பிழை அதிகம் இல்லையாம், "சொல் சேர்க்கை இயல்பாக இல்லை" என்று மட்டும் பல இடத்தில் எழுதியிருக்கிறார். மாதிரிக்கு என்னுடைய இரண்டு வாக்கியங்கள்:

"மெனி ரிசர்ச்சஸ் வேர் மேட் ஆன் திஸ் டாபிக்."

"தி நியூ மெத்தட் காஸ்டு எ பிக் இம்ப்ரூவ்மென்ட்."

அர்த்தம் புரிகிறதுதானே, இதில் என்ன தப்பு? இனி சொல்லை எப்படிப் படிப்பது: விளக்கத்தை வைத்தா, எடுத்துக்காட்டு வாக்கியத்தை வைத்தா, இல்லை எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதைக் கொலொகேஷன் என்கிறார்களே அதை வைத்தா? மூன்றையும் படிக்க நேரம் இல்லை.

பழைய_அகராதி:

தம்பி, கொலொகேஷன் என்றதும் புதிதாக ஏதோ என்று பயப்படாதீர்கள், பள்ளிக்கூடத் தமிழ் இலக்கணத்தில் இதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். வினைமரபு என்று ஒரு பாடம் வருமே: அம்பு எய்தான், சுவர் எழுப்பினான், ஆடை நெய்தான். "ஆடை கட்டினான்" என்று நெசவாளியைப் பற்றி எழுதினால் இலக்கணம் சரி, மரபு வழு. யானை பிளிறும், குதிரை கனைக்கும். யானை கனைத்தது என்று எழுதிய பிள்ளைக்கு ஆசிரியர் காரணம் சொல்ல மாட்டார், "அப்படிச் சொல்வதில்லை" என்று மட்டும் சொல்வார். தொல்காப்பியம் இந்த மாதிரி சங்கதிகளுக்கு மரபியல் என்று தனி இயலே வைத்திருக்கிறது. உங்கள் நெறியாளர் சிவப்பு மையில் எழுதியிருப்பதும் மரபு வழு என்பதைத்தான்.

முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ரிசர்ச் என்ற சொல்லோடு 'மேக்' சேராது. 'டூ' சேரும், கொஞ்சம் முறைப்படி எழுத 'கண்டக்ட்', 'கேரி அவுட்' சேரும். அப்புறம் இன்றைய கல்வி எழுத்தில் அதை எண்ண முடியாத பெயராகவே வைத்துக்கொள்வது நல்லது, எனவே 'மெனி' போடக் கூடாது. 'எவிடென்ஸ்' என்பதற்கும் இதே கதிதான், எவிடென்சஸ் என்று எழுதியவர்கள் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன் (நானும் எழுதியிருக்கிறேன்). நீங்கள் வைத்திருந்த பட்டியலில் "ரிசர்ச் = ஆராய்ச்சி" என்று இருந்திருக்கும். ஆராய்ச்சிகள் என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம், அதனால் அந்த 'எஸ்' தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. அர்த்தம் தெரிந்ததால்தான் இந்தப் பிழையே வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாவது வாக்கியம் இன்னும் சுவாரசியம். 'காஸ்' என்ற வினைக்கு அகராதியில் "உண்டாக்கு" என்று பார்த்திருப்பீர்கள், சரிதான். ஆனால் ஆங்கிலத்தில் அதன் பின்னால் வருவது பெரும்பாலும் கெட்ட விஷயங்கள்: டேமேஜ், ப்ராப்ளம், டிலே, டெத். முன்னேற்றத்துக்கு அதைப் போட்டால் படிக்கிறவருக்கு ஏதோ நெருடும். தமிழில் இதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். "விமர்சனத்துக்கு ஆளானார்", "துன்பத்துக்கு ஆளானார்" என்கிறோம். "பாராட்டுக்கு ஆளானார்" என்று எழுதிப் பாருங்கள். அர்த்தம் புரிகிறது, ஆனால் பாவம், அவரை யாரோ பாராட்டியே அடித்துவிட்ட மாதிரி இருக்கிறது. உங்கள் வாக்கியமும் அந்த ரகம். 'லெட் டு' அல்லது 'ரிசல்ட்டட் இன்' போடுங்கள், 'பிக்' என்பதைச் 'சப்ஸ்டான்ஷியல்' ஆக்குங்கள்.

கார்முகில்22:

அந்தப் பட்டியலை நானும் படித்தவள். அது எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் இவ்வளவு ஏமாற்றம் இருக்காது. ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்டது. கலை, வணிகம், சட்டம், அறிவியல் என நான்கு பிரிவிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி எழுத்தைச் சேர்த்து, எல்லாப் பிரிவிலும் பரவலாக வருகிற சொற்களை எடுத்திருக்கிறார். மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் இருப்பவற்றைக் கழித்துவிட்டார், அவை ஏற்கெனவே தெரியும் என்று கணக்கு. மிஞ்சியவைதான் இந்த 570, கல்வி எழுத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இவற்றிலிருந்து வரும். அதாவது எதை முதலில் படிக்கலாம் என்று காட்டும் பட்டியல் அது. எப்படி எழுதலாம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று, அகர வரிசையில் படித்தேன் என்கிறீர்களே, அய்யோ. அக்காமடேட், அக்கம்பனி, அக்யுமுலேட், அக்யுரேட் என்று ஒரே மாதிரி முகம் கொண்ட நாலு பேரை ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் யார் பெயர் யாருக்கு என்று குழம்பத்தானே செய்யும். பட்டியல் ஏற்கெனவே 10 பிரிவாக, அதிகம் புழங்குபவை முதலில் வருகிற மாதிரி இருக்கிறது. முதல் பிரிவில் 60 சொல்: டெரைவ், எஸ்டாப்ளிஷ், இண்டிகேட், சிக்னிஃபிகன்ட் எல்லாம் அதில்தான். அந்த 60-ஐ நன்றாகக் கையாளத் தெரிந்தாலே அத்தியாயத்தின் நிறம் மாறிவிடும். பத்தாம் பிரிவுச் சொல் ஒன்று உங்கள் ஆய்வேட்டில் ஒரு முறை வந்தால் அதிகம்.

570 என்பது சொற்குடும்பக் கணக்கு, அதாவது ஒரு தலைச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த சொற்களும் சேர்ந்து ஒன்று, என்பதையும் கவனியுங்கள். எகானமி என்ற ஒரு குடும்பத்துக்குள்ளேயே எகனாமிக், எகனாமிக்கல் இரண்டும் இருக்கின்றன, ஒன்று பொருளாதாரம் சார்ந்தது, மற்றது சிக்கனமானது. தலைச்சொல்லுக்கு மட்டும் தமிழ் எழுதி வைத்தால் இந்த வேறுபாடு கையில் வராது. இந்தக் குறையைச் சொல்லித்தான் கார்ட்னரும் டேவிஸும் 2014-இல் 12 கோடி சொற்கள் கொண்ட கல்வி எழுத்திலிருந்து குடும்பமாக இல்லாமல் தனித்தனிச் சொல்லாகப் பிரித்து வேறொரு பட்டியல் போட்டார்கள். அதற்காக அந்தப் பட்டியலையும் இறக்கி மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள்!

எதிர்வழக்கு:

எல்லோரும் கொலொகேஷன் பாட்டையே பாடுகிறீர்கள், நான் விளக்கத்துக்காக வாதாடுகிறேன். தமிழ் அர்த்தம் எழுதி வைப்பது வேறு, விளக்கம் படிப்பது வேறு. கேள்வி கேட்டவர் விளக்கத்தைப் படிக்கவே இல்லை, ஒற்றைச் சொல் மொழிபெயர்ப்பைப் படித்திருக்கிறார். பழியை விளக்கத்தின் மேல் போடுவது நியாயமா?

'சிக்னிஃபிகன்ட்' என்பதற்கு "குறிப்பிடத்தக்க" என்று எழுதி வைத்துக்கொண்டு முடிவுகள் பகுதியில் இஷ்டத்துக்குத் தூவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் அது புள்ளியியல் சொல். புள்ளியியல் சோதனை செய்து, பி-மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால் இந்த அளவோ இதைவிட அதிகமாகவோ வித்தியாசம் தெரிவதற்கான வாய்ப்பு) நீங்கள் முன்பே வைத்த எல்லைக்குக் கீழே, வழக்கமாக 0.05, வந்தால்தான் அப்படிச் சொல்லலாம். வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்தும் சிக்னிஃபிகன்ட் ஆகலாம், பெரியதாக இருந்தும் ஆகாமல் போகலாம். இதை எந்தக் கொலொகேஷன் பட்டியலும் சொல்லித் தராது. 'சாங்க்ஷன்' என்று ஒரு சொல், அனுமதி கொடுப்பதும் அதுதான், தடை விதிப்பதும் அதுதான். விளக்கம் படிக்காமல் தொட்டால் கை சுடும்.

நல்ல கற்போர் அகராதி இருந்தால் உங்கள் மூன்று கேள்வியும் ஒன்றாகிவிடும். லாங்மேன் அகராதி 1978-லேயே ஏறத்தாழ 2000 எளிய சொற்களை மட்டும் வைத்து எல்லா விளக்கங்களையும் எழுதியது. 1987-இல் வந்த கோபில்ட் அகராதி இன்னும் ஒரு படி மேலே போய், விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. "ஒருவர் இன்னதை இன்னதிலிருந்து 'டெரைவ்' செய்தால்..." என்கிற பாணி. யார் செய்வது, எதை, எந்த முன்னிடைச்சொல்லோடு ('ஆன்', 'ஃப்ரம்' மாதிரி) என்பதெல்லாம் விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடும். ஒரு பதிவைப் பொறுமையாக, கடைசி வரி வரை படியுங்கள். நாம் முதல் அர்த்தத்தைப் பார்த்ததும் மூடிவிடுகிறோம், அதுதான் வியாதி.

கார்முகில்22:

எதிர்வழக்கு அண்ணா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அகராதி தருகிற எடுத்துக்காட்டு வாக்கியம் எனக்கு மனதில் நிற்பதே இல்லை. நான் படித்த கட்டுரையில், நான் முட்டிக்கொண்ட இடத்தில் கண்ட வாக்கியம்தான் நிற்கிறது. என் வழக்கம் இது: கட்டுரையில் ஒரு நல்ல சேர்க்கை கண்ணில் பட்டால் வாக்கியத்தை அப்படியே ஆங்கி என்ற மனப்பாட அட்டைச் செயலியில் அட்டையாகப் போடுவேன், ஒரே ஒரு சொல்லை மறைத்து. பெயர்ச்சொல்லை மறைக்க மாட்டேன், அது எப்படியும் தெரியும். வினையை மறைப்பேன், இல்லாவிட்டால் முன்னிடைச்சொல்லை.

"நோ ஃபர்ம் கன்க்ளூஷன்ஸ் கேன் பி ____ ஃப்ரம் தீஸ் டேட்டா." கீழே குறிப்பாகத் தமிழில் "முடிவுக்கு வர" என்று மட்டும். விடை 'ட்ரான்'. முதல் மூன்று தடவை 'டேக்கன்' என்றே சொன்னேன், ஏனென்றால் தமிழில் முடிவு எடுக்கிறோம். நாலாவது தடவை சரியாக வந்தது, அதற்குப் பிறகு தப்பவே இல்லை. தமிழ் எங்கே பிடித்து இழுக்கிறதோ அங்கேதான் அட்டை வேண்டும். மற்றதற்கு நேரம் செலவழிக்காதீர்கள்.

அந்த இழுப்பு எங்கெல்லாம் என்று தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். 'டிஸ்கஸ் அபவுட்' முதல் பக்கம், "பற்றி விவாதித்தார்" என்ற பழக்கம். 'எம்ஃபசைஸ் ஆன்' இரண்டாம் பக்கம். இதில் வேடிக்கை, 'எம்ஃபசிஸ்' என்ற பெயருக்கு 'ஆன்' உண்டு, வினைக்குக் கிடையாது. தமிழ் உதவுகிற இடமும் இருக்கிறது, 'எஸ்டாப்ளிஷ்' பாருங்கள். நிறுவனத்தையும் நிறுவலாம், உண்மையையும் நிறுவலாம், இரு மொழியிலும் ஒரே மாதிரி. அதற்கு அட்டையே போடவில்லை.

மூன்றாம்வரைவு:

எல்லோருக்கும் நன்றி. பாராட்டுக்கு ஆளானார் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் என் அத்தியாயத்தில் 'காஸ்' தேடினேன், பதினோரு இடம். ஒரு சந்தேகம். கட்டுரைகளிலிருந்து இப்படிச் சொற்சேர்க்கைகளை எடுத்துப் பயன்படுத்தினால் அது திருட்டு ஆகாதா? அப்புறம், ஒரு சேர்க்கை சரியா என்று கேட்க ஆள் இல்லாத நடுராத்திரியில் என்ன செய்வது?

பழைய_அகராதி:

"ட்ரா எ கன்க்ளூஷன்" யாருக்கும் சொந்தம் இல்லை, "சுவர் எழுப்பினான்" யாருக்கும் சொந்தம் இல்லாத மாதிரி. ஒருவருடைய கருத்தையோ, அவர் கோத்த முழு வாக்கியத்தையோ சொல்லாமல் எடுத்தால்தான் திருட்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அகாடெமிக் ஃப்ரேஸ்பேங்க் தளத்தைப் பாருங்கள், ஜான் மோர்லி தொகுத்தது. முன்னாய்வுகளை அறிமுகப்படுத்த, வரம்புகளைச் சொல்ல, உடன்படாததைத் தெரிவிக்க என்று இடம் வாரியாகத் தொடர்கள் இருக்கும், எடுத்துப் பயன்படுத்தத்தான் போட்டிருக்கிறார்கள்.

நடுராத்திரிக்கு ஸ்கெல் என்று ஒரு இலவசக் கருவி. சொல்லைத் தட்டினால் அதோடு எந்த வினை, எந்த அடைமொழி சேரும் என்று வரிசையாகக் காட்டும், கீழே உண்மையான வாக்கியங்களும் வரும். எவிடென்ஸ் என்று போட்டால் எந்த அடைமொழிகள் அடிக்கடி ஒட்டுகின்றன என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். 'ஸ்ட்ராங் எவிடென்ஸ்' உண்டு, 'ஹெவி எவிடென்ஸ்' என்று நீங்கள் எழுதியிருந்தால் உடனே அடித்துவிடலாம்.

எதிர்வழக்கு:

ஒரே ஒரு எச்சரிக்கை, அந்தக் கருவி எல்லா வகை எழுத்தையும் கலந்து காட்டும். செய்தித்தாளில் சேருவது உங்கள் துறையில் சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உங்கள் துறையில் உங்களுக்குப் பிடித்த மாதிரி எழுதுகிற பத்துக் கட்டுரைகளை ஒரு கோப்புறையில் போட்டு, சந்தேகம் வந்தால் அவற்றுக்குள்ளேயே தேடுங்கள். பத்திலும் ஒரு தடவைகூட வரவில்லை என்றால் வேறு சேர்க்கை பாருங்கள். புதுச் சேர்க்கை கற்றுக்கொண்ட குஷியில் எல்லாப் பத்தியிலும் 'எ பிளெதரா ஆஃப்' (ஏராளமான) போடுகிற கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள், அதற்கு 'மெனி' எவ்வளவோ தேவலை.

மூன்றாம்வரைவு:

பதினோரு 'காஸ்'-இல் ஏழை மாற்றிவிட்டேன். மீதி நாலும் பிழை, தாமதம், தரவு இழப்பு பற்றியவை, அதனால் அப்படியே விட்டேன். மாற்றிய பத்தியின் தொடக்கம் இது, பார்த்துச் சொல்லுங்கள்:

"மச் ரிசர்ச் ஹேஸ் பீன் கண்டக்டட் ஆன் திஸ் டாபிக். தி நியூ மெத்தட் லெட் டு எ சப்ஸ்டான்ஷியல் இம்ப்ரூவ்மென்ட் இன் அக்யுரசி, அண்ட் தீஸ் ரிசர்ச்சஸ் ப்ரொவைட் ஸ்ட்ராங் எவிடென்ஸ்..."

கார்முகில்22:

நன்றாக வந்திருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தில் ரிசர்ச்சுக்கு மறுபடியும் 'எஸ்' முளைத்திருக்கிறது, அங்கே 'ஸ்டடீஸ்' போடுங்கள். அதை மட்டும் அட்டையில் ஏற்றிவிடுங்கள், நாளைக்கும் வரும்.