கரண்ட் அடுப்பின் ‘எலிமென்ட்’: சூட்டுக்கம்பி எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் வீட்டுக் கரண்ட் அடுப்பில் காயில் அறுந்துவிட்டது. கஞ்சி வழிந்து வழிந்து ஒரே இடத்தில் அரித்திருந்தது. நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில் புதுக் காயில் வாங்கி நானே மாற்றினேன். பிளக்கைப் பிடுங்கி, அடுப்பு ஆறியதும் பழையதைக் கழற்றினேன். புதியதைத் தட்டின் பள்ளம் முழுக்கச் சீராக இழுத்துப் பதிக்க வேண்டும். நெருக்கமாக விட்ட இடம் அதிகம் சிவந்து, அங்கேயே மறுபடி அறும். முனையில் கருகிப்போன திருகையும் சேர்த்து மாற்றினேன். அறுந்ததையே முறுக்கி ஒட்டுப்போடாதீர்கள். நீளம் குறைந்தால் கம்பி கூடுதல் கரண்ட் இழுக்கும், முறுக்கிய இடமும் சூடேறிக் கருகும்.

இதைப் படிப்படியாகத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். காயில் போலச் சூடு தரும் பாகத்துக்குப் பொதுவாகச் சொல்லும் ‘எலிமென்ட்’ வந்ததும், தமிழில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

‘வெப்பத் தனிமம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. தனிமம் என்றால் பள்ளிப் பிள்ளைக்கு இரும்பு, தாமிரம்தான் நினைவுக்கு வரும். காயிலோ நிக்ரோம், அதாவது நிக்கலும் குரோமியமும் சேர்ந்த உலோகக்கலவை. தனிமமே இல்லாத பொருளுக்குத் தனிமம் என்று எப்படிப் பெயர் வைப்பது?

எங்கள் ஊரில் பிரெஞ்சு பேசும் வீடுகள் உண்டு. பிரெஞ்சில் இதன் பெயர் ‘ரெசிஸ்தான்ஸ்’, அதாவது கரண்ட் ஓட்டத்துக்குத் தடை. செய்கிற வேலையைச் சொல்லும் பெயர். 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் காயிலின் தடை சுமார் 53 ஓம், சூடு பிறப்பதே அந்தத் தடையால்தான். அந்த வழியில் ‘சூட்டுத்தடை’ என்று வைக்க ஆசைப்பட்டேன். ஆனால் நமக்கு ‘நாளை மின்தடை’ என்றால் கரண்ட் கட். சூட்டுத்தடை என்றால் சூடே வராது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

‘கனலிழை’ அழகான சொல். ஆனால் கீசரில் தண்ணீருக்குள் இருப்பது கனல்வதில்லை. ‘சுருள்’ அடுப்புக்குப் பொருந்தும், இஸ்திரிப் பெட்டியில் மைக்கா மேல் சுற்றிய பட்டைக்குப் பொருந்தாது.

என் பரிந்துரை: சூட்டுக்கம்பி. மாட்டுக்குச் சூடு போடும் சூட்டுக்கோல் நமக்குத் தெரிந்த சொல்தானே, அதே அமைப்பு. மெல்லிய வயரும் கம்பிதான், தடித்த ராடும் கம்பிதான். மற்ற இடங்களில் குழப்பம் தருகிற இந்த இரட்டைப் பொருள் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. உலோகக் குழலுக்குள் மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்து வருவதை ‘உறைச் சூட்டுக்கம்பி’ எனலாம்.

புதுச்சேரியிலிருந்து

*

ஐயா, வணக்கம். சூட்டுக்கம்பி எனக்குச் சம்மதம். கடைக்காரரிடம் சொன்னாலும் புரியும்.

அமெரிக்காவில் மகள் வீட்டு அடுப்பில் இந்த உறைக்கம்பியைக் கையால் உருவி எடுக்கலாம். அதன் இரண்டு கால்கள் செருகி நிற்கும் கட்டை கருகினால் அதையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் புதுக் கம்பியின் கால்களும் கருகிவிடும். அந்தக் கட்டைக்குச் ‘செருகுவாய்’ என்றும், அடியில் வழிசலைத் தாங்கும் கிண்ணத்துக்கு ‘வழிதட்டு’ என்றும் வைக்கலாமா?

கடலூரிலிருந்து

*

செருகுவாய் அப்படியே இருக்கட்டும் ஐயா. வழிதட்டில் மட்டும் ‘வழி’ பாதை என்று தொனிக்கிறது. ‘வழிசல் தட்டு’ என்று பிரித்து எழுதினால் அந்தக் குழப்பம் வராது.

புதுச்சேரியிலிருந்து