15 வயதுப் பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு, புது உணவைத் தொட மாட்டேன் என்கிறாள்

கேள்வி:
ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு பாஸ்பரஸ் குறைந்த உணவுக்கு மாற்றச் சொன்னார் மருத்துவர். நான் அன்றைக்கே பழையதை நிறுத்திவிட்டேன். இவளோ தட்டை முகர்ந்து பார்த்து, மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் தரையைப் பிறாண்டிவிட்டுப் போகிறாள். பசித்தால் தானே வருவாள் என்று விட்டுவிடலாமா?

பதில் 1:
விடவே கூடாது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர ஆரம்பித்துவிடும். இப்போதைக்கு எதைச் சாப்பிடுகிறாளோ அதைக் கொடுங்கள். அப்புறம் பழையதில் ஒரு விரல்நுனி அளவு புதியதைக் கலந்து மெல்லக் கூட்டுங்கள். எங்கள் வீட்டுக் கிழட்டுப் பூனைக்கு ஐந்து வாரம் பிடித்தது. ஈர உணவை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்கினால்தான் துரை மூக்கையே நீட்டுவார். மேலே ஒரு கரண்டி தண்ணீரும் ஊற்றிவிடுவேன், உடம்பில் நீர் குறையாமல் இருக்க.

பதில் 2:
உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறாளா? அப்படியென்றால் குமட்டலாக இருக்கலாம். அந்த நேரத்தில் புது உணவை நீட்டினால் அதன்மேல் வெறுப்பே வந்துவிடும். முதலில் குமட்டலுக்கு மருந்து கேளுங்கள்.

கேட்டவர்:
ஐயோ, நக்குகிறாள்தான்! ருசிக்கு ஏங்குகிறாள் என்று நினைத்துவிட்டேன். பழைய உணவை வைத்ததும் பாதி தின்றாள். காலையில் மருத்துவரிடம் போகிறோம்.