ஐட்லிங்கில் நின்றுபோகும் பழைய லாரி: டேங்க்கிலிருந்து தேடத் தொடங்கிய அனுபவம்

பழைய லாரி வாங்கியவர்கள் பலரிடம் ஒரே குறையைக் கேட்கிறேன். லோடு ஏற்றி ரோட்டில் போகும்போது வண்டி நன்றாக இழுக்கிறது. ரயில்வே கேட்டிலோ சிக்னலிலோ நின்றதும் எஞ்சின் உதறுகிறது, ஆர்.பி.எம். ஏறி இறங்குகிறது, கடைசியில் தானாகவே நின்றுவிடுகிறது. இதைச் சொன்னதும் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும் பதில், டீசலை அழுத்தித் தரும் பம்ப்பையும், அதைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசிலையும் கழற்றிக் கடைக்கு அனுப்புங்கள் என்பதுதான். செலவு மிகுந்த அந்த வேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், டீசல் எந்த வழியாக வருகிறதோ அதே வழியில் டேங்க்கிலிருந்து தேடிக்கொண்டு வர வேண்டும் என்றும் என் வண்டியின் அனுபவத்தில் உறுதியாக நம்புகிறேன்.

என்னுடையது பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதிமுறையின் மூன்றாம் கட்டம்) காலத்து நான்கு சிலிண்டர் மினி லாரி. எலக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய வகை இன்லைன் பம்ப், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலை அழுத்தித் தரும் பம்ப் கொண்டது. சங்ககிரிப் பக்கம் ஒருவரிடம் வாங்கி, சேந்தமங்கலம் வட்டாரத்திலிருந்து சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். வாங்கிய புதிதில் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, மிஸ் அடிக்கத் தொடங்கியது; நின்றுவிட்டால், டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் ஃபீட் பம்ப்பின் கைப்பிடியைச் சில முறை அடித்துவிட்டுத்தான் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முடிந்தது. ஆனால் டீசல் நிரப்பிய கையோடு குறை மறைந்து, சில நாள் கழித்துத் திரும்ப வரும்.

நாமக்கல்லில் பல ஆண்டுகளாக டீசல் வண்டிகளையே பார்த்துவரும் மேஸ்திரி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பானரை எடுக்கும் முன் கேள்விகளைத்தான் கேட்டார். காலையில் குளிர்ந்த எஞ்சினில் வருகிறதா, சூடேறிய பிறகா? புகை என்ன நிறம்? நிற்கும்போது டேங்க்கில் எவ்வளவு டீசல் இருக்கிறது? அரை டேங்க்குக்குக் கீழே போனால்தான் வருகிறது என்று நான் சொன்னதும், "அப்படீன்னா பம்ப்பைத் தொட வேண்டாமுங்க தம்பி, மொதல்ல டேங்க்ல இருந்து பார்த்துட்டு வரலாம்" என்றார்.

இருந்தாலும் எஞ்சினையும் அவர் சோதிக்காமல் விடவில்லை. ஐட்லிங்கில் ஓடும்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் ஹை பிரஷர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி, சத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று கவனித்தார். தளர்த்தியும் சத்தம் மாறாவிட்டால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். அப்போது நாசில், டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) இடைவெளி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) என்று அந்தப் பக்கம் தேடலாம். என் வண்டியில் நான்குமே ஒரே அளவாக இறங்கின. புகையிலும் குற்றம் இல்லை. டீசல் வாடையுடன் வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியாமல் போகிறது, நீலம் வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பு வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் மிகுதியாகப் போகிறது என்பதை அப்போது பொறுமையாக விளக்கினார்.

பிறகு எரிபொருள் வரும் வழிக்கு வந்தார். டேங்க் மூடியைத் திறந்தபோது காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் எழவில்லை. எனவே மூடியின் காற்றுத் துளை அடைபடவில்லை. டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்திக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வைத்தோம். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியாகத் தங்கும். அப்படி எதுவும் தங்கவில்லை. ஃபீட் பம்ப்பின் சிறு வலையில் லேசான தூசு மட்டுமே இருந்தது.

அடுத்துச் செய்ததுதான் எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை. டேங்க்கிலிருந்து வரும் டியூப் ஃபீட் பம்ப்பில் சேரும் இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் டியூபை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். அரிசி மணி அளவு காற்றுக் குமிழிகள் விட்டுவிட்டு வரிசையாக ஓடிவந்தன. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அந்த வரிசை நெருங்கியது. வண்டிக்கு அடியில் எங்குமே டீசல் ஈரம் இல்லை. பலரும் இந்த இடத்தில்தான் திசை மாறிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடைப்பட்ட பகுதி பம்ப் உறிஞ்சும் பகுதி. ஓடும்போது அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஆகவே வெளியில் கசிவு இல்லை என்பதை வைத்துக்கொண்டு அந்தப் பகுதி நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. ஐட்லிங்கில் ஒவ்வொரு முறையும் நாசில் தெளிக்கும் டீசல் மிகக் குறைவாக இருப்பதால், சிறிதளவு காற்று கலந்தாலும் அங்கேதான் குறை முதலில் தெரிகிறது. ரோட்டில் போகும்போது அதே காற்று அவ்வளவாக உறைப்பதில்லை.

கிளிப்புகளையும் காப்பர் வாஷர்களையும் மாற்றிய பிறகும் குமிழிகள் வந்தன. அடுத்து ஒரு சுத்தமான கேனில் டீசல் நிரப்பிக் கேபின் ஓரத்தில் கட்டித் தொங்கவிட்டு, டேங்க் டியூபைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபீட் பம்ப்புக்கு டீசல் கொடுத்தார். காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்ததும் குமிழி ஒன்றுகூட வரவில்லை. ஐட்லிங் ஒரே சீராக நின்றது. அந்த ஒரு சோதனையில் பம்ப், நாசில், ஃபில்டர் மூன்றின் மீதும் இருந்த சந்தேகம் நீங்கிவிட்டது.

டேங்க்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றி, அடி முனையை விரலால் அடைத்து, டீசல் வாளியில் அமிழ்த்திக் கைப் பம்ப்பால் காற்றடித்தோம். குழாயின் பாதி உயரத்தில், பற்றவைத்திருந்த மூட்டில் முடி இழை போன்ற ஒரு விரிசலிலிருந்து குமிழி கிளம்பியது. டீசல் அந்த மட்டத்துக்கு மேல் இருக்கும்வரை விரிசல் முழுகியே கிடக்கும். குழாய் அதன் வழியாகவும் டீசலைத்தான் உறிஞ்சும். மட்டம் இறங்கியதும் காற்றை உறிஞ்சத் தொடங்கும். நிரப்பினால் குறை மறைந்ததற்கு இதுதான் காரணம்.

புதிய குழாய் போட்டு, முதலில் ஃபில்டரிலும் பிறகு பம்ப்பிலும் உள்ள காற்றுத் திருகுகளைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை கையால் அடித்தோம். அதன் பிறகு வண்டி நிற்கவில்லை, ஆனால் ஐட்லிங் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தது. பார்த்தால், ஐட்லிங் வேகத்தை ஏற்றி இறக்கும் திருகில், யாரும் திருப்பினால் தெரியும்படி வைத்திருந்த பெயின்ட் உடைந்து, ஸ்பானர் பட்ட பளபளப்பான தழும்பு தெரிந்தது. குறையை மறைக்க யாரோ ஐட்லிங்கை ஏற்றிவைத்து விற்றிருக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது; நடுரோட்டில் லோடுடன் நிற்கும் வண்டி பின்னால் வருபவர்களுக்கும் ஆபத்தானது.

காமன் ரயில் வண்டி, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் (நாசில் உள்ள பாகம்) பொதுவான ஒரே குழாயில் (ரயில்) உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கி வைக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் சோதனையை அதில் ஒருபோதும் செய்யாதீர்கள். ஐட்லிங்கிலேயே ரயிலில் சில நூறு பார் அழுத்தம் இருக்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அவற்றில் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரில் ரயில் பிரஷரைப் பார்த்து, ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் டீசலையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்து ஒப்பிட வேண்டும். ஒன்றில் மட்டும் மற்றவற்றைவிட மிகுதியாக நிறைந்தால் அது தேய்ந்துவிட்டது. என் மச்சானின் பி.எஸ். 4 வண்டி நின்றதற்கோ டீசல் காரணமே இல்லை. நிற்கும் நொடியில் ஆர்.பி.எம். முள் சட்டென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்ததை அவர் கவனித்திருந்தார். எஞ்சின் மவுன்டிங் தேய்ந்து, ஐட்லிங் அதிர்வில், எஞ்சின் சுழலும் வேகத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் ஒயர் பிராக்கெட்டில் உரசி, மேலுறை கிழிந்திருந்தது. ஒயரையும் மவுன்டிங்கையும் சேர்த்து மாற்றிய பிறகுதான் சரியானது.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சின் மீது கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் குறையை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம்; குளிர்ந்த பிறகு மறுபடி வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஐட்லிங் திருகின் பெயின்ட்டையும் டேங்க்கின் மட்டத்தையும் பாருங்கள். டேங்க் நிறைந்திருந்தால், மட்டம் பாதிக்குக் கீழே இறங்கிய நிலையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.