ஈரப் புல்தரையில் கவிழ்ந்த செஸ்னா: தப்பு பைலட்டுடையதா, தரையுடையதா?

தெற்குக்காற்று:
மழை விட்ட மறுநாள் என் நண்பர் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தை ஒரு புல் ஓடுதளத்தில் இறக்கினார். வேகம் சரி, தொட்ட இடமும் சரி. பாதி ஓட்டத்தில் மூக்குச் சக்கரம் சேற்றில் புதைந்து, முன்கால் மடங்கி, விமானம் தலைகுப்புறக் கவிழ்ந்துவிட்டது. தோள் பெல்ட் போட்டிருந்ததால் சிராய்ப்போடு தப்பினார். எல்லாரும் பைலட் தப்பு என்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் பச்சையாகத் தெரிகிற தரைக்குள் சேறு இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இறங்குமுகம்:
தொட்ட பிறகு என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. மெத்தென்ற தரையில் யோக்கை, அதாவது பைலட் கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுப் பிடியை, கடைசிவரை பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் இன்ஜின் பவர் வைத்திருந்தால் எலிவேட்டர் (வாலில் உள்ள அசையும் தகடு) மேல் காற்று ஓடி மூக்கைத் தூக்கி வைக்கும், பிரேக்கைத் தொடவே கூடாது. பிரேக் போட்டால் எடை முழுக்க முன்னால் சாயும், அந்தச் சின்ன டயர் மண்ணைக் கிழித்துக்கொண்டு இறங்கும்.

வால்சக்கரம்:
வால் சக்கர விமானமாக இருந்தால் மடங்குவதற்கு முன்கால் என்ற ஒன்றே கிடையாது. அலாஸ்காவில் ஆற்று மணலில் பெரிய டயரோடு சூப்பர் கப் என்ற சின்ன வால் சக்கர விமானம் இறங்குவதைப் பார்த்ததில்லையா?

இறங்குமுகம்:
பார்த்திருக்கிறேன். ஆனால் முன்னிரண்டு சக்கரமும் புதைந்தால் அதுவும் மூக்கில்தான் நிற்கும், அல்லது கவிழும். பெரிய டயர் புதையாமல் காப்பாற்றுகிறது, வால் சக்கரம் அல்ல.

புல்தரை:
சேறே ஒரு பிரேக் என்பதை யாரும் சொல்லவில்லையே. நாம் மிதிக்காவிட்டாலும் அது சக்கரத்தைப் பின்னால் இழுக்கும், விமானத்தின் எடை மேலே இருப்பதால் மூக்கு கீழே அமுங்கும். வேகம் குறையக் குறைய எலிவேட்டருக்கும் பலம் போய்விடும். கடைசி சில மீட்டரில் எப்பேர்ப்பட்ட பைலட்டாலும் ஒன்றும் செய்ய முடியாத நிலை வரும், அதனால் முடிவை இறங்கும் முன்பே எடுத்திருக்க வேண்டும். யாராவது ஓடுதளத்தை முழுக்க நடந்து, குதிகாலை அழுத்திப் பார்த்தார்களா?

தெற்குக்காற்று:
ஓடுதளத்துக்காரரிடம் போனில் கேட்டார். "காய்ந்துவிட்டது, வாங்க" என்றார்.

வால்சக்கரம்:
அப்படியானால் தப்பு அந்த ஓடுதளத்துக்காரருடையது. அப்புறம், சேறு இழுத்துப் பிடிக்கும் என்றால் குறைந்த தூரத்திலேயே நின்றுவிடலாமே, அதில் ஒரு லாபம் இருக்கிறதுதானே?

புல்தரை:
இந்த நினைப்புதான் ஆபத்து. பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் பாதுகாப்புக் குறிப்பில், மெத்தென்ற தரையில் இறங்கும் தூரத்தை 1.25 மடங்கோ அதற்கு மேலோ வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஈரப் புல்லுக்கு 1.35, அதுவும் ரொம்பக் குட்டையான ஈரப் புல் வழுக்கினால் 1.6 வரை போகலாம். ஒரே ஓடுதளத்தில் ஒரு பக்கம் வழுக்கும், இன்னொரு பக்கம் புதையும். சரி, பத்திரமாக இறங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், அதே சேற்றிலிருந்து கிளம்ப வேண்டாமா?

தெற்குக்காற்று:
நண்பரிடம் இப்போதுதான் பேசினேன். மூக்கு உயர்ந்திருந்ததால் முன்னால் தெரியவில்லை, தொட்டதும் யோக்கைத் தளர்த்திவிட்டாராம். இறங்குமுகம் சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நடந்து பார்க்காமலே "காய்ந்துவிட்டது" என்று சொன்னவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.