பொருள்: ‘டோரஸ்’: தூசு வளையமா, தூசுச் சும்மாடா?

செங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, நம் வானியல் சொற்பட்டியலில் ‘ஆக்டிவ் கேலக்டிக் நியூக்ளியஸ்’ என்பதற்கு, அதாவது பெருங்கருந்துளை பொருளை விழுங்குவதால் ஒளிரும் பேரடை மையத்துக்கு, ‘முனைப்புப் பேரடைக்கரு’ போதும். ‘அண்டக்கரு’ என்று போட்டால் உயிரியல்காரர்கள் கருமுட்டை என்று நினைத்துக்கொள்வார்கள். இடிப்பது ‘டோரஸ்’தான், அந்தக் கருந்துளையைச் சுற்றி உளுந்துவடை வடிவில் இருப்பதாகச் சொல்லும் தூசுத் திரள்.

‘தூசு வளையம்’ என்றதும் சனிக்கோளின் தட்டை வளையம் கண்ணில் வந்து நிற்கிறது. இங்கே வேண்டியது தடிமன். கருந்துளையைச் சுற்றித் தூசு உயர்ந்து நிற்பதால்தான் பக்கவாட்டில் பார்க்கிறவருக்கு மையம் மறைகிறது, மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிகிறது. மறைந்த கருவை இரண்டாம் வகை, தெரியும் கருவை முதல் வகை என்று பிரிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். ஆகவே ‘தூசுச் சும்மாடு’ என்கிறேன். நடுவில் குழி, சுற்றிலும் தடிப்பு. ஆரியங்காவு தாண்டினாலும் சுமை தூக்குகிறவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். ‘உள்விளிம்பு’ என்பதும் ஒட்டிவரும்: ஏறக்குறைய 1500 கெல்வினில் தூசு ஆவியாகிவிடும் இடம் அது, அங்கிருந்து வரும் வெப்ப ஒளி 2 மைக்ரானை ஒட்டி உச்சம் தொடும்.

புனலூரிலிருந்து:

தம்பி, சொல் நல்லாயிருக்கு. ஆனால் அது கோட்பாட்டு மாதிரியின் (மாடல்) பெயர், தொலைநோக்கி கண்டதன் பெயர் இல்லை. 2009 டிசம்பரில் ஏவிய வைஸ் (WISE) என்ற அகச்சிவப்பு விண்தொலைநோக்கியின் பிரிதிறன், அதாவது அது பிரித்துக் காட்டும் மிகச்சிறு கோணம், 3.4 மைக்ரானில் சுமார் 6 ஆர்க் செகண்ட். அதில் சும்மாடு தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். 3.4, 4.6 மைக்ரான் பொலிவெண்களின் (மங்க மங்கக் கூடும் ஒளி அளவு) வேறுபாடு 0.8-க்குக் குறையாமல் இருந்தால் கருவாக இருக்கலாம் என்று எடுக்கிறோம், அவ்வளவுதான். அந்த 0.8, வீகா விண்மீனை அடிப்படையாக வைத்த வீகா அளவில். ஏபி (AB) என்ற வேறொரு பொலிவெண் அளவுக்கு மாற்றிய பட்டியலில் அதே எண்ணை வைத்து வெட்டினால் பெரும்பாலான கருக்கள் போய்விடும், அங்கே 0.16 போடணும். 4.6 மைக்ரானில் வீகா பொலிவெண் 15-ஐத் தாண்டி மங்கலானவற்றுக்குப் போனால் தொலைதூரப் பேரடைகள் கலந்துவிடும். விண்மீனாக முடியாமல் போன குளிர்ந்த பழுப்புக் குறுமீன்களும் இதே நிறம் காட்டி ஏமாற்றும். மெலிந்த கருவோ பேரடையின் விண்மீன் ஒளியில் அமுங்கித் தப்பிவிடும்.

போதாததற்கு, சர்சினஸ் பேரடையில் தரைத் தொலைநோக்கிகளை இணைத்துப் பார்த்தபோது நடு அகச்சிவப்பு ஒளியில் பெரும்பகுதி துருவத் திசைத் தூசிலிருந்து, அதாவது சும்மாட்டுக் குழிக்கு மேலும் கீழும் நீளும் தூசிலிருந்து, வந்தது. சும்மாட்டுக்கு வெளியே இருப்பதையும் சும்மாடு என்று எப்படிச் சொல்வது? மாதிரிக்கு ‘தூசுச் சும்மாடு’, அளந்ததற்கு ‘கருசூழ் தூசு’ என்று இரண்டு பதிவாகப் போடு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் 14.3 மைக்ரான் நியான் நிறமாலைக் கோட்டை வைத்துக் கருவைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு இரண்டுமே வேண்டாம். அந்தக் கோட்டைத் தரும் நியான் அயனியை உண்டாக்க 97 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், சாதாரண விண்மீன்களால் ஆகாது.

வேற்றுமையில் ‘சும்மாட்டின்’, ‘சும்மாட்டு மறைப்பு’ என்றே வரட்டும். ‘சும்மாடின்’ என்று எழுதிடாதப்பா.